வகுப்பில் கேலிக்கு ஆளாகும் மகளுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது, எப்படிப் படிக்க வைப்பது?

கேள்வி — மாரண்டஅள்ளி அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்தவளை இந்த ஜூன் மாதம் தருமபுரி நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். மாரண்டஅள்ளிப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் அவள் சிறு வயது முதல் குடித்து வளர்ந்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதனால் அவளுடைய முன்பற்களில் பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை இருக்கிறது. ஊரில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை; அவளுடைய தோழிகளில் பாதிப் பேருக்கு அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்.

புதிய பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு மாணவி அவளுக்கு "வெத்தலப் பாட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்குள் வகுப்பு முழுவதும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மாலை அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸை நான் திறந்தபோது, உள்ளே ஒரு வெற்றிலை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. காம்பு கூடக் கிள்ளியிருந்தார்கள். அவளிடம் கேட்டேன்; "தெரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாள். தமிழ் வகுப்பில் பாடத்தை உரக்கப் படிக்க முதலில் எழுந்து நின்றவள், இன்று தன் முறை வரும்போதெல்லாம் தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள். சாம்பலும் உப்பும் வைத்து ஈறில் இரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வகுப்பாசிரியையிடம் சொன்னேன். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள், நாம் பெரிதுபடுத்தினால்தான் பெரிதாகும் என்று அன்பாகவே சொல்லி அனுப்பிவிட்டார்.

அவளுக்குப் படிப்பதில் ஆசை அதிகம். பழைய பள்ளியில் 'ஊஞ்சல்' இதழ் வந்தால் வீட்டுக்கு எடுத்துவந்து கடைசிப் பக்கம் வரை விடமாட்டாள். எனவே புத்தகத்தின் வழியாக ஏதாவது செய்யலாம் என்று எண்ணி, கேலிக்கு ஆளாகும் சிறுமியைப் பற்றிய கதை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதுல அந்தப் பொண்ணு கடைசியில ஓட்டப் பந்தயத்துல முதல்ல வருது. எனக்கு ஓடத் தெரியாதேம்மா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு எந்த மாதிரிப் புத்தகங்களைக் கொடுக்கலாம், அவற்றை எப்படிப் படிக்க வைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 — காவேரிப்பட்டணம் நூலகர் (ஓய்வு)

உங்கள் மகள் கேட்ட கேள்வியைச் சிறுவர் கதை எழுதுகிற பலர் தங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிளை நூலகத்தில் இருந்த காலத்தில் எனக்கும் இந்த உறுத்தல் உண்டு. கேலிக்கு ஆளான பிள்ளை இறுதியில் ஒரு பரிசை வாங்கும், அல்லது அழகாக மாறும், கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று முடிகிற கதைகள் ஏராளம். ஆண்டர்சன் 1843இல் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஞ்சை எல்லோரும் கொத்தி விரட்டுகிறார்கள். கடைசியில் அது அன்னமாக வளர்ந்துவிடுவதால்தான் அதன் துன்பம் தீருகிறது. அது வாத்தாகவே வளர்ந்திருந்தால் கொத்துவது சரியாகிவிடுமா? பல்லில் கறை உள்ள பிள்ளைக்கு அந்தக் கதையைக் கொடுத்தால், பல் வெளுத்தால்தான் தனக்கு விடிவு என்று அவள் படித்துக்கொள்வாள். சாம்பலை எடுத்துத் தேய்த்ததும் அதனால்தானே.

இதற்கு மாறாக, தெத்சுகோ குரோயாநாகி தம் பள்ளி நாள்களைப் பற்றி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் கிடைக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் இருக்கும். அதில் உடல் வளர்ச்சி நின்றுபோன, கை கால்கள் குட்டையான தாகாஹாஷி என்ற சிறுவன் வருகிறான். விளையாட்டு விழாவில் அவன்தான் வெற்றி பெறுகிறான். அதுவும் வெற்றிக் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி பையனை மாற்ற முயலவில்லை. அவனுடைய உடலுக்கு ஏற்றபடி பந்தயங்களை மாற்றி அமைத்தார். பரிசாகக் கொடுத்தது முள்ளங்கி, கீரை போன்ற காய்கறிகளை. இந்த வேறுபாட்டைப் பதினோரு வயதுப் பிள்ளை தானாகவே கண்டுபிடிப்பாள். நீங்கள் எடுத்துச் சொன்னால் சுவை போய்விடும்.

படிக்க வைக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இது உனக்காகத்தான் வாங்கினேன்" என்று கேலியைப் பற்றிய புத்தகத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது, மருந்துச் சீட்டைக் கொடுப்பது போன்றது. அதைவிட, இரவில் ஒரு கால் மணி நேரம் நீங்கள் படியுங்கள், அவள் கேட்கட்டும். கதையில் ஒருவன் இன்னொருவனைச் சீண்டும் இடம் வரும்போது, "உனக்கும் இப்படித்தானே நடந்தது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கதையில் வருபவனைப் பற்றிப் பேசும்போது பிள்ளை தன்னைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அந்தத் திரை விலகாமல் இருக்கும்வரைதான் பேசும். "பக்கத்தில் நின்றவர்கள் அப்போது என்ன செய்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரையில், பெயர் வைக்கிறவர் ஒருவர், கூடச் சிரிக்கிறவர் இரண்டு மூன்று பேர், சிரிக்க விருப்பமில்லாமல் சும்மா இருப்பவர்கள்தான் மிகுதி. அந்த மிகுதியில் தனக்கு வேண்டியவர் யார் என்று உங்கள் மகள் தேடத் தொடங்கினாலே பாதி வழி கடந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக் கேலி எது, துன்புறுத்தல் எது என்பதையும் கதைகளை வைத்தே பிரித்தறியப் பழக்கலாம். இருவரும் சிரித்தால் அது கேலி. ஒருவர் மட்டும் சிரித்து, நிறுத்தச் சொன்ன பிறகும் அது தொடர்ந்து, எதிர்த்துப் பேச முடியாதவர் மீதே திரும்பத் திரும்ப வந்தால் அதன் பெயர் வேறு.

எங்கள் நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு சிறுவன் வந்து ஒரே கதைப் புத்தகத்தை எடுப்பான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். ஒரு நாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன் பக்கத்தில் இன்னொருவன் தன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்காரும் படம் அது. அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2 — பென்னாகரம் அறிவியல் ஆசிரியர்

நூலகர் அம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டு, கதையல்லாத வாசிப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கறைக்குக் காரணம் நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் ஊரறிந்தது வகுப்பறைக்குள் வருவதில்லை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட மிகுதியான தண்ணீரைப் பல்லின் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, தொடர்ந்து குடித்தால் ஈறுக்குள் இருக்கும்போதே பல்லில் குறை ஏற்பட்டுவிடுகிறது. முளைத்து வெளியே வந்த பின் சில ஆண்டுகளில் அது பழுப்பாகிறது. எனவே இது பல் துலக்காததால் வருவதும் அல்ல, துலக்கினால் போவதும் அல்ல. சாம்பல் தேய்ப்பதைத் தயவுசெய்து உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அது எனாமலைத்தான் மேலும் அரிக்கும். தண்ணீரைக் காய்ச்சினாலும் புளோரைடு போகாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதன் நோக்கமே இந்தப் பாதிப்பைத் தணிப்பதுதான். ஆனாலும் காவிரித் தண்ணீர் வராத நாளில் பழையபடி போர்த் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு கேலி பெரும்பாலும் ஒரு தவறான காரணத்தின் மீதுதான் நிற்கிறது. "இவள் பல் துலக்க மாட்டாள், பாக்குப் போடுவாள்" என்பது உங்கள் மகளின் வகுப்பில் உலவும் காரணம். அந்தக் காலை எடுத்துவிட்டால் கேலி முழுவதும் சாய்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன்; தள்ளாடும்.

என் வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலை வந்தபோது, நீரைப் பற்றிய பாடத்தோடு சேர்த்து நம் மாவட்டத் தண்ணீரைக் குறித்து நானே ஒன்றரைப் பக்கம் எழுதி, பிள்ளைகளைப் பத்தி பத்தியாக உரக்கப் படிக்கச் சொன்னேன். கறை உள்ள பிள்ளைகள் யாரையும் அன்று எழுப்பவில்லை. அவர்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. முற்றிய நிலையில் எலும்பும் பாதிக்கப்பட்டு முதுகு வளையலாம் என்ற பத்தியை, கேலி செய்வதில் முன்னால் நிற்கும் ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, "சார், எங்க ஆயா அதனாலதான் குனிஞ்சே நடக்குதா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது, மருத்துவர்தான் சொல்ல முடியும் என்றேன். அவன் மீதிப் பத்தியைப் படித்து முடித்தான். அந்தப் பையன் மறுநாளே திருந்திவிட்டான் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. ஆனால் பல்லைப் பற்றிய பட்டப்பெயர் மட்டும் அவன் வாயிலிருந்து பிறகு வரவில்லை.

உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மகளின் பெயரைச் சொல்லாமல், அவளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவள் சம்மதித்தால் மட்டும் செய்ய வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். கறை வெளியே தெரிவதைக் குறைக்கப் பல் மருத்துவரிடம் வழிகள் உண்டு. ஆனால் அந்த முடிவு வகுப்பின் கேலிக்குப் பயந்து எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பதில் 3 — ஓசூரிலிருந்து ஒரு தந்தை

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கேலி செய்தவன் என் மகன். அவன் வகுப்பில், தளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவனின் வீட்டு மொழி தெலுங்கு. தமிழில் அவன் "ழ" சொல்லும்போது நாக்குப் பிறழ்வதை என் மகன் நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறான். அந்த மாணவனின் தந்தை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மகனைக் கேட்டால் "சும்மா விளையாட்டுக்குத்தான்ப்பா" என்றான். நான் நல்ல கதைகளைத் தேடித் தேடிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தான், ஒவ்வொன்றிலும் தன்னை நல்லவனோடு சேர்த்துக்கொண்டான். கேலி செய்யும் பிள்ளை கதையில் வரும் கெட்டவனைத் தன் முகமாகப் பார்ப்பதில்லை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். பிறகு எனக்கே தோன்றி, ஒரு தெலுங்கு அரிச்சுவடியை வாங்கிவந்து, நாம் இருவரும் சேர்ந்து கற்போம் என்றேன். இரண்டாவது வாரம் அவன் ஒரு சிறு பாட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒத்தெழுத்து ஒன்றில் மாட்டிக்கொண்டு மூன்று முறை தடுமாறினான். அவன் தங்கை குபீரென்று சிரித்துவிட்டாள். அவன் காது இரண்டும் சிவந்துபோயின. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனான். அவள் சிரிப்பாள் என்று நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் அது இன்னொரு கேலியாகியிருக்கும். அன்று இரவு, அந்த மாணவனின் பெயரை முதன்முறையாகப் பட்டப்பெயர் இல்லாமல் சொன்னான்.

ஆனால் சகோதரி, ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் மகன் மாறத் தொடங்கியதற்கு முதல் காரணம் அந்தத் தந்தை எங்கள் வாசலுக்கு வந்ததுதான். வாசிப்பெல்லாம் அதன் பிறகு வந்தவை. நம் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து "நீயே எதிர்த்து நில்" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது. வெற்றிலையை எடுத்து வைத்திருந்தால், நாளோடு குறித்து எழுத்து வடிவில் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். குழந்தைகளை மனரீதியாகத் துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் மகளின் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் கையாலேயே எழுத வையுங்கள். அதுவும் வாசிப்புதான்.

பதில் 4 — தமிழாசிரியர், அரூர்

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரிக்காரர்களாகிய நாம் இந்தப் பேச்சில் ஒளவையை விட்டுவிடலாமா? ஆத்திசூடி ஒளவை அல்ல, அவர் பிற்காலத்தவர். அதியமானின் நெல்லிக்கனியைப் பெற்ற சங்க கால ஒளவையைச் சொல்கிறேன். நெல்லிக்கனிக் கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். புறநானூற்றின் 95ஆம் பாடல் அவ்வளவாகத் தெரியாது. அதியமானுக்காகத் தூது சென்ற ஒளவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். காட்டுவதன் பொருள் அச்சுறுத்தல்தான். ஒளவை நிதானமாகப் பார்க்கிறாள். உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் உள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போலப் பழிக்கிறாள் என்று நாம் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்போம். நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது வேறு. அவள் அவனுடைய உருவத்தைப் பழிக்கவில்லை, குலத்தைப் பழிக்கவில்லை, வாய் கூசும் சொல் ஒன்றும் சொல்லவில்லை. தன் பக்கத்தில் உள்ளதை, நுனி உடைந்த வேலாகவே இருந்தாலும், அப்படியே எடுத்துச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

உங்கள் மகள் நன்றாக உரக்கப் படிக்கக் கூடியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் தொண்டைமானாக இருங்கள், அவள் ஒளவையாக இருக்கட்டும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சில நாள் கழித்து, அந்தப் பட்டப்பெயரை யாராவது சொன்னால் அவள் ஒரே ஒரு சொற்றொடர் சொல்வதாக இருந்தால் எதைச் சொல்வாள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அம்மா எழுதிய வசனம் வகுப்பில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். சொல்லாமலே நகர்ந்து போய் ஒரு பெரியவரிடம் தெரிவிப்பதும் எதிர்த்து நிற்பதுதான் என்பதையும் அவளிடம் சொல்லி வையுங்கள். ஓசூர் நண்பர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

மீண்டும் — மாரண்டஅள்ளி அம்மா (பன்னிரண்டு நாள்களுக்குப் பின்)

எல்லோருக்கும் என் நன்றி. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். வெற்றிலை காய்ந்துபோயிருந்தது, அதையும் ஒரு காகித உறையில் போட்டு வைத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. வகுப்பாசிரியையை அழைத்துப் பேசியிருக்கிறார். பெயர் இன்னும் முழுவதும் நிற்கவில்லை. முன்பு போல எல்லோரும் சொல்வதில்லை, இரண்டு பேர் சொல்கிறார்கள் என்கிறாள்.

அறிவியல் ஆசிரியர் எழுதியதை அவளே இரண்டு முறை படித்தாள். சாம்பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் வகுப்பில் அதைப் படிப்பது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விட்டுவிட்டோம். டோட்டோ-சான் பாதி முடிந்திருக்கிறது. நூலகர் அம்மா சொன்னபடி பக்கத்தில் நின்றவர்களைப் பற்றிக் கேட்டு வந்தேன். நான்காம் நாள் அவளாகவே, மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை என்றாள். அவளுக்கும் ஊர்ப்பக்கமாம், பேருந்தில் வருகிறாளாம். இப்போது மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

தொண்டைமானாக நான் நடித்தது அவ்வளவு நன்றாக இல்லை என்று சொல்லி, அந்த வேடத்தை அவள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். அடுக்களைக் கரண்டிகள்தான் வேல்கள். ஒற்றைச் சொற்றொடரை அவள் இன்னும் எங்களிடம் சொல்லவில்லை. யோசித்து வைத்திருப்பதாக மட்டும் சொல்கிறாள். ஐயா, நேற்று ஒரு கேள்வி கேட்டாள். ஒளவை அப்படிச் சொன்ன பிறகு தொண்டைமான் என்ன பதில் சொன்னான்?

பதில் — தமிழாசிரியர், அரூர்

பாடல் அதைச் சொல்லவில்லை, அம்மா. ஒன்பது அடிகள்தான், ஒன்பதும் ஒளவை பேசுவது. கடைசி அடிகளில் அவள் தொண்டைமானை விட்டுவிட்டுத் தன் மன்னனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறாள்: இருந்தால் கொடுத்து உண்பவன், இல்லாவிட்டால் இருப்பதை உடன் அமர்ந்து பகிர்ந்து உண்பவன் என்று. அந்த அடிகளையும் அவளைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கும் படித்துக் காட்ட விரும்பினால் காட்டட்டும்.